எந்த நொடியில் சிரித்தீர்கள்?

மூன்று ஆண்டுகளுக்கு முன், நூறு பேர்கூட இல்லாத ஒரு சிறிய திரையிடலில், சிரிக்கக் கூடாத இடத்தில் நான் சிரித்தேன். என்னோடு அரங்கமே சிரித்தது. ஆனால் எல்லோரும்தானே சிரித்தார்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் மக்களைச் சிரிக்கவைத்து வாழ்ந்த ஒருவர், தன் சேமிப்பு முழுவதையும் போட்டு முதன்முறையாக இயக்கிய படம் அது. முக்கிய வேடத்திலும் அவரே நடித்திருந்தார். மருத்துவமனை நடைவழியில் ஒரு தந்தை உட்கார்ந்திருக்கிறார். உள்ளே மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. கதவு திறக்கும் சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்புகிறார். வெளியே வந்த செவிலியர் வேறு யாரையோ கூப்பிடுகிறார். காட்சி அவ்வளவுதான். வசனமும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. ஆனால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி ஏமாறும் மனிதனாக அவர் மேடையில் எத்தனையோ முறை தலையைத் திருப்பியிருக்கிறார், அதைப் பார்த்து நாங்கள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம். கண் அதை அடையாளம் கண்டுகொண்டது. இது என்ன இடம் என்று மனம் யோசிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

படம் முடிந்ததும் கலந்துரையாடல் நடந்தது. ஒருவர் எழுந்து, "அடுத்த படமாவது முழு நீளக் காமெடியா சார்?" என்று கேட்டார். கேட்டவர் அன்பாகத்தான் கேட்டார். இயக்குநரும் அதே அன்போடு, "பார்க்கலாம்" என்றார். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, படிக்கட்டில் அவரைத் தனியாகப் பார்த்தபோது, மன்னிப்புக் கேட்டேயாக வேண்டும் என்று தோன்றியது. "அந்த ஆஸ்பத்திரி சீன்ல நானும் சிரிச்சுட்டேன் சார், மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றேன். அவர் வருத்தப்படுவார், அல்லது பெருந்தன்மையாக ஏதாவது சொல்லி என்னை விடுவிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. "அதை விடுங்க. சரியா எப்போ சிரிச்சீங்க? நான் தலையைத் திருப்பும்போதா, திருப்பி முடிச்ச பிறகா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, திருப்பி முடித்த பிறகுதான் என்றேன். "அதுக்குள்ள நர்ஸ் குரல் கேட்டுச்சா?" இல்லை என்றேன். கைப்பேசியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். "அப்போ திருப்புனதுல தப்பில்ல. நிறுத்துனதுலதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. நகைச்சுவைக் கலைஞர்கள் சுயாதீனமாகப் படமெடுக்க வருவதைப் பற்றி அதுவரை எனக்கு ஓர் எளிய எண்ணம் இருந்தது: சிரிக்கவைத்து அலுத்துப்போன ஒருவர் மதிப்புத் தேடி வருகிறார், பழைய தொழிலைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய தொழிலை எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். படிக்கட்டில் நின்ற மனிதர் எதையும் கழற்றி வைத்திருக்கவில்லை. துக்கத்தைச் சொல்ல வேண்டிய ஒரு காட்சி ஏன் தவறிப்போனது என்பதை, ஒரு சிரிப்பு ஏன் விழவில்லை என்று ஆராயும் அதே கருவிகளைக் கொண்டு அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். வெற்றுப் பேச்சாக எனக்குப் பட்ட "நிறுத்துனதுலதான் தப்பு" என்பதன் பொருள் விளங்கச் சில வாரங்கள் ஆயின. நகைச்சுவை நடிகர் ஒரு அசைவைச் செய்து முடித்ததும் அரை நொடி அப்படியே நிற்பார். அந்த அரை நொடிதான் பார்வையாளருக்கான அனுமதி. இப்போது சிரிக்கலாம் என்பதை வாய் திறக்காமல் சொல்லும் குறி. ஆயிரம் மேடைகளில் அதைச் செய்த உடல், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதைச் செய்யும். மருத்துவமனை நடைவழியிலும் செய்தது. நாங்கள் அதற்குக் கீழ்ப்படிந்தோம்.

கிட்டானோ கேட்ட சிரிப்பு

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஜப்பானிய நடிகரும் இயக்குநருமான டகேஷி கிட்டானோவிடம்தான் போய் நிற்கிறேன். ஜப்பானில் அவர் 'பீட் டகேஷி'. அசாகுசா பகுதியின் சிறிய கேளிக்கை அரங்கு ஒன்றில் தொழில் கற்று, 'டூ பீட்' என்ற இரட்டையரில் ஒருவராக மன்சாய் மேடைகளில் புகழ் பெற்றவர். மன்சாய் என்பது இருவர் நின்று வேகமாகப் பேசிச் சிரிக்கவைக்கும் கலை. ஒருவர் அபத்தமாகப் பேச, மற்றவர் அதைத் திருத்துவார். 1983இல் நகிஸா ஓஷிமா இயக்கிய 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்' படத்தில், ஜாவாவில் ஜப்பானியர் நடத்திய போர்க்கைதி முகாமின் சார்ஜன்ட் ஹராவாக நடித்தார். முரட்டுத்தனமும் ஏதோ ஒரு குழந்தைத்தனமும் கலந்த பாத்திரம் அது. படம் வெளியானபோது, தன் நடிப்பை மக்கள் எப்படி ஏற்கிறார்கள் என்று பார்க்க அவர் திரையரங்குக்குப் போயிருக்கிறார். திரையில் அவர் தோன்றியதும் அரங்கம் சிரித்தது. கைதிகளை அடித்து நொறுக்கும் ஒரு சார்ஜன்ட் திரையில் நிற்க, மக்கள் கண்ணுக்குத் தொலைக்காட்சியின் டகேஷிதான் தெரிந்திருக்கிறார். அந்தச் சிரிப்பு தன்னை எப்படிக் குத்தியது என்பதையும், இனி கனமான, இருண்ட வேடங்களையே ஏற்று மக்கள் மனத்தில் இருக்கும் அந்த உருவத்தை மாற்றியாக வேண்டும் என்று அன்று முடிவெடுத்ததையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த அரங்கை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். ஒரு நகைச்சுவைக் கலைஞருக்குச் சிரிப்புதான் கூலி. பிழைப்பு, ஊக்கம், தான் உயிரோடு இருப்பதற்கான சான்று எல்லாமே அதுதான். அந்தச் சிரிப்பு, கேட்காமலே, தவறான நேரத்தில் வந்து சேரும்போது அது எப்படி ஒலித்திருக்கும்? தான் கட்டிய வீட்டின் கதவு வெளிப்பக்கம் தாழிடப்பட்டிருப்பதை அந்த நொடியில் அவர் உணர்ந்திருக்க வேண்டும். தாழிட்டவர்கள் பகைவர்களும் அல்லர், அவரை நேசித்தவர்கள். படிக்கட்டில் நின்று மன்னிப்புக் கேட்ட நான் அந்த வகையில் ஒருவன் என்பதால்தான் இந்தக் கதை என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1989இல், ஒரு காவல்துறைப் படத்தை இயக்குவதாக இருந்த கின்ஜி ஃபுகாசாகு விலகியபோது, நடிகராக ஒப்பந்தமாகியிருந்த கிட்டானோ இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். திரைக்கதையை மாற்றி எழுதினார். 'வயலன்ட் காப்' என்று உலகம் அறிந்த அந்தப் படத்தில் அவர் தன் முகத்தை என்ன செய்தார் என்று பாருங்கள்: அதிலிருந்து எல்லா அசைவையும் எடுத்துவிட்டார். நடக்கிறார், நிற்கிறார், பார்க்கிறார். சிரிக்கலாம் என்று குறி காட்டும் அந்த அரை நொடியை நீக்குவதற்குப் பதிலாக, அதை ஐந்து நொடியாக, பத்து நொடியாக நீட்டிவிட்டார். அனுமதிக்காகக் காத்திருக்கும் பார்வையாளர் காத்துக் காத்து, சிரிப்பு வராமல், அச்சம் வந்து சேரும் இடம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். அடிதடியின் தொடக்கத்தைக் காட்டுவார், பிறகு விளைவைக் காட்டுவார். நடுவில் நடந்தது திரையில் இருக்காது. அது மன்சாயின் தாளம் என்றே நான் நம்புகிறேன். அபத்தம் ஒரு பக்கம், அதற்கான அடி மறு பக்கம், நடுவில் வெட்டு. 1991இல் சொந்த நிறுவனத் தயாரிப்பாக எடுத்த 'எ சீன் அட் தி ஸீ' படத்தில் ஒரு படி மேலே போய்த் தன்னையே விலக்கிக்கொண்டார்; காது கேளாத, பேச முடியாத ஓர் இளைஞன் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ளும் கதையில் அவர் முகம் எங்கும் இல்லை. பேச்சால் வாழ்ந்தவர் பேச்சே இல்லாத நாயகனைத் தேர்ந்தார். 1997இல் 'ஹனா-பி' வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வென்றது. இயக்கத்துக்கு கிட்டானோ டகேஷி, நடிப்புக்கு பீட் டகேஷி என்று படங்களில் இரண்டு பெயர்களைப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு உண்டு. இரண்டையும் உயிரோடு வைத்திருக்க அவர் கண்ட வழி அது. அதன் பிறகும் தொலைக்காட்சி நகைச்சுவையை அவர் விட்டுவிடவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

யாருடைய பணம், யாருடைய முகம்

இந்தப் பெயர்ச்சி ஏன் பெரும்பாலும் சிறிய பணத்தில், சொந்தப் பணத்தில் நிகழ்கிறது என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. பெரிய தயாரிப்பாளர் ஒரு நகைச்சுவைக் கலைஞரிடம் வாங்குவது சிரிப்பை. அந்த மருத்துவமனைக் காட்சி ஒரு பெரிய நிறுவனத்தின் படத்தில் இருந்திருந்தால், அந்தத் தலைத் திருப்பம் முன்னோட்டத்தில் இடம்பெற்றிருக்கும்.

சாப்ளினுக்கே இது நடந்தது. 1919இல் மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர், அந்த நிறுவனத்துக்காகத் தன் முதல் படமாக 1923இல் கொடுத்தது 'எ வுமன் ஆஃப் பாரிஸ்'. எட்னா பர்வியன்ஸை நாயகியாக வைத்து எடுத்த முழுக் கனமான கதை. அதில் சாப்ளின் ஒரு சுமைதூக்கியாக ஒரு கணம் அடையாளம் தெரியாமல் கடந்து போவதோடு சரி. இந்தப் படத்தில் நான் தோன்றவில்லை, இது கனமான நாடகம் என்று பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் செய்தார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மக்கள் வரவில்லை. உலகிலேயே மிகவும் அறியப்பட்ட முகம் தன்னை விலக்கிக்கொண்டு ஒரு கதையைச் சொன்னபோது, மக்கள் தேடியது அந்த முகத்தை. பின்னர் பல்லாண்டுகள் அந்தப் படத்தை அவர் வெளியே காட்டாமலே வைத்திருந்தார். 1976இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, அதற்குத் தானே இசையமைத்து மறுபடியும் வெளியிட்டார். ஒரு காயத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து, வாழ்வின் கடைசி வேலையாக அதற்கு மருந்து போட்டவராகவே அவரை நான் பார்க்கிறேன்.

சாப்ளினிடம் பணம் இருந்தது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ராபர்ட் டவுன்சென்டிடம் கடன் அட்டைகள் இருந்தன. கறுப்பின நடிகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ரவுடி வேடமும் அடிமை வேடமும்தான் என்ற நிலையில், அந்த அவமானத்தையே கதையாக்கி 1987இல் அவர் எடுத்த படம் 'ஹாலிவுட் ஷஃபிள்'. சேமிப்பையும் கடன் அட்டைகளையும் நம்பி, ஏறத்தாழ ஒரு லட்சம் டாலருக்குள், பிற படங்களில் மிஞ்சிய துண்டுப் படச்சுருள்களை வாங்கி எடுத்தார். பணம் தீர்ந்ததும் படப்பிடிப்பு நிற்கும், சேர்ந்ததும் தொடங்கும். அது சிரிப்புப் படம்தான். ஆனால் எங்கே யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதை அவரே முடிவு செய்தார், அதற்காகத்தான் அத்தனை கடனும்.

இன்னொரு அமெரிக்க நகைச்சுவைக் கலைஞரான பாப்கேட் கோல்ட்த்வெய்டின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. நடுங்கி உடைந்து கீச்சிடும் ஒரு குரல்தான் அவருடைய அடையாளம். 'போலீஸ் அகாடமி' படங்கள் அந்தக் குரலை உலகெங்கும் கொண்டு சென்றன. 1991இல் ஒரு படத்தை இயக்கியவர், பிறகு நீண்ட காலம் பெரும்பாலும் தொலைக்காட்சிக்காக இயக்கினார். 2006இலிருந்து அடுத்தடுத்துச் சிறு செலவுப் படங்களோடு வந்தார், அந்தக் குரல் இல்லாமல். 2009இல் எடுத்த 'வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் டாட்' படத்தில் நாயகன் அவருடைய நண்பர் ராபின் வில்லியம்ஸ். மகன் வெட்கப்படத்தக்க ஒரு விபத்தில் இறந்துகிடப்பதைக் காணும் தந்தை, அந்த அவமானத்தை மறைக்க அதைத் தற்கொலையாக மாற்றிக் காட்டுகிறார். கதைச் சுருக்கத்தைக் கேட்டால் குரூரமாக இருக்கும். மகனைக் காணும் அந்தக் காட்சியைப் பாருங்கள். மின்னல் வேகத்தில் முகம் மாற்றத் தெரிந்த ஒரு நடிகர் அங்கே எதையும் 'நிறுத்திக் காட்டவில்லை'. படிக்கட்டுப் பேச்சுக்குப் பிறகு அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தபோதுதான் இதைக் கவனித்தேன். ஒரு நகைச்சுவைக் கலைஞரின் உடல் எந்த இடத்தில் அனிச்சையாகக் குறி காட்டும் என்பது இன்னொரு நகைச்சுவைக் கலைஞருக்குத்தான் தெரியும். வேறு இயக்குநராக இருந்தால், துக்கத்தை இன்னும் அழுத்தமாகக் காட்டச் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். படமெடுக்க வரும் எல்லா நகைச்சுவைக் கலைஞர்களும் இந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. கனம் என்றால் மெதுவாக இருக்க வேண்டும், முகம் வாடியிருக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும் என்று நம்பி, பதினைந்து ஆண்டுகள் பயின்ற நேர உணர்வைப் பழைய உடையைப் போல வாசலில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்க எனக்கு வலிக்கிறது. சோகம் சிரிப்பைவிட உயர்ந்த சாதி என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? விமர்சனம் எழுதுகிறவர்களும் நம்மைப் போன்ற பார்வையாளர்களும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஒருவர் அழவைத்தால்தான் அவரைக் கலைஞர் என்கிறோம்.

சோதித்துப் பார்க்க ஓர் அரங்கம்

மேடைக் கலைஞருக்கு ஒவ்வோர் இரவும் திருத்தம்தான். ஒரு வரி இன்று விழவில்லை என்றால் நாளை அதில் ஒரு சொல்லை இடம் மாற்றுவார், நாளை மறுநாள் ஒரு மூச்சு கூடுதலாக விடுவார். சினிமாவில் அந்த வசதி கிடையாது. அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களின் 'எ நைட் அட் தி ஆப்பெரா' 1935இல் வெளிவந்தது. அதன் காட்சிகளைப் படமாக்குவதற்கு முன்பே ஊர் ஊராக மேடையேற்றி, எந்த வரிக்கு எவ்வளவு நேரம் சிரிப்பு நீடிக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப இடைவெளி விட்டார்கள். பெரிய நிறுவனத்தின் பணம் இருந்ததால் அது முடிந்தது. நகைச்சுவையிலிருந்து வந்த ஜோர்டான் பீல் 'கெட் அவுட்' என்ற திகில் படத்தை எடுத்தது 45 லட்சம் டாலரில். நாயகன் கைதாகிச் சிறையில் இருப்பதாக அவர் முதலில் படமாக்கிய முடிவு, சோதனைத் திரையிடலில் பார்வையாளரை நொறுக்கிவிட்டது. அதை மாற்றினார். இப்போதுள்ள முடிவில் காவல் வண்டியின் விளக்கு தெரிகிறது, கைகளை உயர்த்தும் நாயகனோடு அரங்கமும் மூச்சை அடக்குகிறது, வண்டிக் கதவு திறக்க, வருவது நண்பன். முதல் முடிவின் அச்சம் முழுவதையும் சில நொடிகள் நம்மைச் சுமக்கவைத்த பிறகே இறக்கி வைக்கிறார். அந்த நொடிகளை அளந்து வைத்தது மேடை பழகிய கை. 2018இல் அந்தத் திரைக்கதை ஆஸ்கார் பெற்றது.

அதே 2018இல் போ பர்னமின் 'எய்ட்த் கிரேட்' வந்தது. பதின்வயதிலேயே யூடியூப்பில் பாடிப் புகழ் பெற்று, பிறகு மேடையிலேயே பீதித் தாக்குதல்களுக்கு ஆளாகி, நேரடி நிகழ்ச்சிகளை விட்டவர் அவர். தன் அச்சத்தைச் சொல்ல அவர் தேர்ந்தது ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியை. எல்ஸி ஃபிஷர் நடித்த அந்தச் சிறுமி ஒரு வாக்கியத்தைக்கூடத் தடுமாறாமல் முடிப்பதில்லை. ஒரு மூச்சுகூட வீணாகாமல் மேடையை அளந்தவர், நேரமே கைகூடாத ஒருத்தியின் திக்கலையும் விழுங்கலையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். சரியான நேரம் எது என்று தெரிந்தவரால்தான் அது தவறிப்போவதை இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியும்.

சொந்தச் சேமிப்பில் படமெடுத்த என் படிக்கட்டு மனிதருக்குச் சோதனைத் திரையிடல் எதுவும் இருக்கவில்லை. நாங்கள்தான் அவருடைய சோதனை அரங்கம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

ஓராண்டு கழித்து, அதே படம் ஒரு திரைப்பட விழாவில் மறுபடியும் திரையிடப்பட்டது. இந்த முறை பின்வரிசைக்கு அருகில் உட்கார்ந்தேன். மருத்துவமனை நடைவழி வந்ததும் என் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின. கதவுச் சத்தம் கேட்டது, தலை திரும்பத் தொடங்கியது. அது நிலைகொள்வதற்குள் காட்சி வெட்டப்பட்டுத் திரையில் கதவு வந்தது. அதன் பிறகு செவிலியரின் குரல், வேறொருவரின் பெயர். முகம் திரும்பி வரவே இல்லை. கதவு மெல்ல மூடுவதை மட்டும் முழுவதுமாகக் காட்டினார். நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்றால், அவர் எடுத்துவிட்டது ஏறத்தாழ 12 படச்சட்டங்களாக இருக்கும். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. என் முன்னால் இருந்த பெண்மணி தன் கைப்பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார்.

என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால், வெளியேறும் வழி விளக்கின் அடியில், அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். திரையை அவர் பார்க்கவில்லை. எங்கள் தலைகளை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் எதையோ எண்ணுவது போல அசைந்துகொண்டிருந்தன.